ஆல்பம் நாலு வரியான கதை

ராக் இசை உலகில் ‘சூப்பர் குரூப்’ என்று ஒரு தனிச்சாதி உண்டு. வெவ்வேறு குழுக்களில் ஏற்கெனவே பெயர் வாங்கிவிட்டவர்கள், அந்தப் பெயரையே முதலாகப் போட்டு ஆரம்பிக்கும் பங்குக்கடை. 1970இல் இங்கிலாந்தில் கீத் எமர்சன், கிரெக் லேக், கார்ல் பால்மர் மூவரும் இப்படித்தான் சேர்ந்தார்கள். ஒருவர் ‘தி நைஸ்’ குழுக்காரர், ஒருவர் ‘கிங் கிரிம்சன்’, ஒருவர் ‘அட்டாமிக் ரூஸ்டர்’. மறு வருடமே ‘டார்கஸ்’ என்ற இசைத்தட்டு வந்தது. அதன் ஒரு பக்கம் முழுவதும் ஒரே பாட்டு, இருபது நிமிடம். பாதி பீரங்கி வண்டி, பாதி ஓடு போர்த்திய பிராணி என்று ஒரு விநோத மிருகம், அதன் பிறப்பு, சண்டை, தோல்வி. 1972இல் ‘ஜெத்ரோ டல்’ இன்னும் ஒரு படி மேலே போய், ‘திக் ஆஸ் எ பிரிக்’ என்ற இசைத்தட்டின் இரண்டு பக்கங்களையும் ஒரே பாட்டாகப் போட்டார்கள். நடுவில் தட்டைத் திருப்பிப் போடுவதற்கு எழுந்து போக வேண்டும், அவ்வளவுதான் இடைவேளை. ஆல்பம் முழுவதையும் ஒரு கதையிலோ ஒரு கருத்திலோ கட்டும் இந்தப் பழக்கத்தைத்தான் கான்செப்ட் ஆல்பம் என்கிறார்கள்.

பத்து வருடம் கழித்து, 1982இல், இன்னொரு சூப்பர் குரூப். ‘யெஸ்’ குழுவில் இருந்த ஸ்டீவ் ஹவ், ஜெஃப் டவுன்ஸ், ‘கிங் கிரிம்சன்’ ஜான் வெட்டன், பழைய கார்ல் பால்மர். நால்வரும் ஆங்கிலேயர்கள். குழுவுக்கு வைத்த பெயர் ‘ஆசியா’. இருபது நிமிடப் பாட்டையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு வானொலிக்கு ஏற்றபடி சிறிய பாடல்களாகப் போட்டார்கள். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அது முதலிடத்துக்குப் போனது. நீளத்தைக் குறைத்ததும் சந்தை வழிவிட்டது.

இந்தப் பெயர்கள் எனக்கு அறிமுகமானது என் பெரியப்பா மகன் வழியாக. அவர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். நான் கிள்ளான். ஒரே தாத்தாவின் பேரன்கள் என்றாலும் எங்களுக்கு நடுவே ஒரு கோடு இருந்தது. அவர்கள் வீட்டில் ஆங்கிலம் பேசுவார்கள்; தட்டு சுழலும். எங்கள் வீட்டில் கேசட்.

“தம்பி, இதுல ஒரு பாட்ட மட்டும் தனியா எடுத்துக் கேக்கக் கூடாதுடா. ரெண்டு பக்கமும் சேந்துதான் பாட்டு. நீங்கள்லாம் படப் பாட்டுக் கேஸு, உங்களுக்கு அஞ்சு நிமிஷத்துக்கு மேல தாங்காது.”

அண்ணன் சொன்னதில் நியாயம் குறைவு. எங்கள் வீட்டிலும் அஞ்சு நிமிஷத்துக்கு மேல் தாங்குகிறவர்கள் இருந்தார்கள். சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசத்தை அம்மா பாதியில் நிறுத்தி நான் பார்த்ததில்லை. எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாடல் கேசட் ஆடி மாதம் முழுக்க இரண்டு பக்கமும் ஓடும். எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்பது எங்களுக்கு மனப்பாடம். வரிசை மாறினால் சாமி கும்பிட்ட மாதிரியே இருக்காது. கல்யாண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கியில் ‘திருவிளையாடல்’ கதை வசனம் முழுதாக ஓடியிருக்கிறது. நக்கீரர் எரிந்து முடியும்வரை சாப்பாட்டுப் பந்தி நகராது. ஒரே பொருளில், ஒரே மூச்சில், வரிசை கெடாமல் கேட்பது என்று பார்த்தால் கான்செப்ட் ஆல்பம் எங்களிடமும் இருந்தது. அது பக்தியாகவோ சினிமாவாகவோ இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

அந்த நிபந்தனையை மீறிய தமிழர்களை விரல் விட்டு எண்ணலாம். இளையராஜா 1986இல் ‘ஹவ் டு நேம் இட்?’ போட்டார், பாக்கையும் தியாகராஜரையும் எதிரெதிரே உட்கார வைத்து. 1988இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு ‘நத்திங் பட் விண்ட்’. இரண்டிலும் பாட்டு வரிகள் கிடையாது. 1994இல் ‘காதலன்’ படத்தில் ‘பேட்டை ராப்’ பாடிய சுரேஷ் பீட்டர்ஸ் ‘மின்னல்’ என்று தனி ஆல்பம் போட்டார். ரஹ்மானின் ‘வந்தே மாதரம்’ 1997இல் வந்தது, இந்தியச் சுதந்திரப் பொன்விழாவை ஒட்டி. 2005இல் இளையராஜாவே திருவாசகத்தைப் புடாபெஸ்ட் இசைக்குழுவோடு செய்தார். இவற்றில் பெரும்பாலானவற்றின் பின்னால் சினிமாவில் சம்பாதித்த புகழோ, தேசமோ, தெய்வமோ நின்று தாங்கியது. எந்தத் தாங்கலும் இல்லாமல், தமிழ் வரிகளை மட்டும் நம்பி, இளைஞர்கள் சேர்ந்து ஓர் ஆல்பம் போடுவது என்பது சென்னையில் தொழிலாகவே ஆகவில்லை.

அது நடந்த ஊர் கோலாலம்பூர். 2006இல் வந்த யோகி பி அண்ட் நட்சத்திராவின் ‘வல்லவன்’ பற்றித்தான் சொல்கிறேன். அது ராக் அல்ல, ஹிப் ஹாப். எமர்சனின் ஆர்கனுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் ஏற்கெனவே நிலைத்த ஒரு குழுவின் பெயர் பெற்ற ஆள், வேறொரு குழுவோடு சேர்ந்து, ஒரே ஒரு கருத்தை நிரூபிக்க முழு ஆல்பம் போட்டார் என்று பார்த்தால், தமிழில் எனக்குத் தெரிந்த சூப்பர் குரூப் இதுதான். கருத்தும் எளிமையானது: தமிழில் இது முடியும்.

அது ஏன் சென்னையில் நடக்காமல் இங்கே நடந்தது என்பதற்கு எங்கள் ஊர் வரலாறு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே செங்கல் சூளையால் வந்தது. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, இனி கட்டினால் கல்லில்தான் கட்ட வேண்டும் என்று உத்தரவானது. செங்கல் இங்கே சுட்டார்கள். பிறகு ரயில்வே வந்தது. ரயில்வேயோடு யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்களும் தமிழ்நாட்டுக் கூலிகளும் வந்தார்கள். ஒரே ரயில்வே, ஆனால் குவார்ட்டர்ஸ் வேறு, பள்ளிக்கூடம் வேறு, கடைசியில் மொழியும் வேறு. படித்தவர் வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலத்துக்குப் போனார்கள். கித்தாத் தோட்டங்களில் இருந்தவர்களின் பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்குப் போனார்கள். 1980களிலும் 90களிலும் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் கோல்ஃப் திடல்களாகவும் மாறியபோது லயத்துக் குடும்பங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் புறம்போக்கு வீடுகளுக்கும் மலிவு விலை அடுக்ககங்களுக்கும் வந்து சேர்ந்தன. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015) அந்த வருகையின் கதையைத்தான் சொல்கிறது. மலாய்ச் சொல் ‘ஜாஹாட்’ எங்கள் வாயில் ‘ஜகாட்’ ஆகும். கெட்டவன் என்று அர்த்தம்.

ஆக இருவகைத் தமிழர்கள். ஒருவகை ஆங்கிலத்தில் கனவு காண்பவர்கள், மற்றவகை சினிமாவில். ஒருவர் இசையை மற்றவர் மதிக்க மாட்டார். எங்கள் அண்ணனுக்கு உறுமி மேளம் சத்தம். எங்கள் தாமானில் அது உயிர். தைப்பூசத்துக்கு ஒரு மாதம் முன்பே பையன்கள் தோல் காய்ச்ச ஆரம்பித்துவிடுவார்கள். பிரிக்பீல்ட்ஸில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் 1980களிலிருந்து பரதமும் கர்நாடக இசையும் கற்றுத் தருகிறது. அது மூன்றாவது தமிழ். அங்கே உறுமிக்கும் இடமில்லை, எமர்சனுக்கும் இடமில்லை.

இந்தக் கோட்டை முதலில் தாண்டியது ராப். தாண்டும்போது தமிழாக வரவில்லை என்பதுதான் வேடிக்கை. ‘பொயட்டிக் ஆமோ’ குழு 1998இல் தன் முதல் ஆல்பத்தைப் போட்டது. யோகி பி, பாயிண்ட் பிளாங்க், லேண்ட்ஸ்லைட், நிக்கோலஸ் ஓங். பாசிட்டிவ் டோன் வெளியீடு. ஆங்கிலம் முதன்மை, கூடவே மலாய், தமிழ், கண்டோனீஸ். உயிரோடு இருக்க இன்று நல்ல நாள் என்று அர்த்தம் வரும் ஆங்கிலத் தலைப்பு. 1998ஐ நினைத்துப் பாருங்கள்: ரிங்கிட் விழுந்து, வேலை போய், அன்வார் பதவி நீக்கப்பட்டு, தெருவில் ‘ரிஃபோர்மாசி’ முழக்கம் கேட்ட வருடம். நான் அப்போது படிவம் நான்கு. பள்ளிப் பேருந்தில் மலாய்ப் பையனும் சீனப் பையனும் இந்தியப் பையனும் ஒரே பாட்டை முணுமுணுத்தது எனக்கு நினைவிருக்கிறது. தமிழ்ப் பாகம் வரும்போது மற்ற இருவரும் சத்தத்தை மட்டும் பாடுவார்கள். அந்த சில நொடிகளில் எங்களுக்கு ஒரு கெத்து. நம்ம பாஷை ஆங்கில ஆல்பத்துக்குள்ளே இருக்குடா என்பது.

இருந்தது. விருந்தாளியாக இருந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாலு மொழி நாட்டில் நாலும் ஒரே தட்டில் வந்ததே பெரிய காரியம். ஆனால் விருந்தாளி, வீட்டுக்காரன் கணக்கு எங்கள் வாழ்க்கை முழுவதும் ஓடுவது. நாட்டின் மக்கள் தொகையில் இந்தியர்கள் 7 சதவீதத்தை ஒட்டி இருக்கிறோம். தமிழ் எங்கே வந்தாலும் நாலில் ஒன்றாக வரும், அறிவிப்புப் பலகையில் கடைசி வரியாக வரும், இல்லையென்றால் வராது.

‘வல்லவன்’ அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டது. பொயட்டிக் ஆமோவில் எட்டு வருடப் பெயர் வைத்திருந்த யோகி பி, நட்சத்திராவின் டாக்டர் பர்ன், எம்ஸி ஜெஸ் இருவரோடு சேர்ந்தார். இந்த முறை வீடு தமிழுடையது. ஆங்கிலம் வந்துபோகும் விருந்தாளி. முதல் முழுநீளத் தமிழ் ஹிப் ஹாப் ஆல்பம் என்று இதைப் பலர் குறிப்பிடுகிறார்கள். ‘முதல்’ பட்டங்களில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை. யாராவது ஒரு கேசட்டைத் தூசு தட்டி எடுத்துக்கொண்டு வந்து சண்டைக்கு நிற்பார்கள். என்னை இழுப்பது வேறு விஷயம். ஆங்கிலத்தில் வென்றுவிட்ட ஒருவர், சந்தை சின்னதாக இருக்கும் மொழிக்கு, முழு ஆல்பத்தோடு திரும்பி வந்தார். பிரிக்பீல்ட்ஸுக்கும் தாமானுக்கும் நடுவே இருந்த கோட்டில் இதுவரை போக்குவரத்து ஒரே திசையில்தான் இருந்தது. படித்தால் தமிழிலிருந்து வெளியே போவது. எதிர்த்திசையில் ஒரு ஆள் வருவதை அப்போதுதான் பார்த்தோம்.

தமிழில் ராப் எழுதுவது ஆங்கிலத்தில் எழுதுவதைவிடச் சுலபம் போலத் தெரியும், உண்மையில் கடினம். நம் மொழியில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் போய் நிற்கும். வந்தேன், நின்றேன், சொன்னேன் என்று வரிமுடிவில் ஓசை தானாகவே ஒத்துப்போகும். இலவசமாகக் கிடைக்கிற பொருளுக்கு மதிப்பு கிடையாது. நாலு வரி கேட்டதுமே அடுத்த வரி எப்படி முடியும் என்று கேட்பவனுக்குத் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் ராப் செத்தது. நம் யாப்பில் பெருமை எல்லாம் எதுகைக்கும் மோனைக்கும். அவை அடியின் தொடக்கத்தில் வேலை செய்பவை. வரிமுடிவில் ஒத்திசைக்கும் இயைபுக்கு யாப்பிலக்கணத்தில் அந்த அளவு மவுசு கிடையாது. ராப் தாளமோ வரிமுடிவில்தான் அடிக்கிறது. ஆகவே தமிழ் ராப்பர் இரண்டு முனையிலும் வேலை பார்க்க வேண்டும்: முன்னால் மோனையைத் தட்ட வேண்டும், பின்னால் வினைமுற்றில் போய் விழாமல் ஒரு பெயர்ச்சொல்லையோ எச்சத்தையோ கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ‘போய்க்கொண்டிருக்கிறேன்’ மாதிரி நீண்ட சொற்கள் நாலு தட்டுக்குள் அடங்காது. பேச்சில் ‘போயிட்டிருக்கேன்’ என்று வந்தால்தான் அடங்கும். ஆனால் முழுக்கப் பேச்சுத் தமிழ் என்றால் கம்பீரம் போய்விடும். இந்தக் கலவையை மலேசியப் பையன்கள் தங்கள் காதாலேயே கண்டுபிடித்தார்கள். தமிழ்ப் பள்ளி மேடையில் கேட்ட செந்தமிழும், மாமாக் கடையில் பேசிய தமிழும், பள்ளிப் பேருந்தின் ஆங்கிலமும் ஒரே மூச்சில். சென்னைப் பேட்டை ராப் வட்டார மொழியின் கிண்டலை நம்பியது. எங்கள் ஆட்கள் செய்யுளின் மிடுக்கை நம்பினார்கள். திருப்புகழ்தான் முதல் ராப் என்று மேடையில் சொல்வது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. எனக்கு அது அலுத்துவிட்டது. அருணகிரிக்கு நம் சான்றிதழ் தேவையில்லை, ராப்புக்கும் அருணகிரியின் சான்றிதழ் தேவையில்லை.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. “பாட்டா இது, சண்டக்குப் போற மாதிரில இருக்கு” என்று எங்கள் பள்ளிப் பழைய ஆசிரியர் ஒருவர் சொன்னார். தமிழைக் கெடுக்கிறார்கள் என்பது அவர் கட்சி. அதே ஆசிரியரின் பிள்ளைகள் வீட்டில் தமிழே பேசுவதில்லை என்பதை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை.

ஆல்பத்தை ஊரெல்லாம் கொண்டுபோனது ‘மடை திறந்து’. பாரதிராஜாவின் ‘நிழல்கள்’ (1980) படத்துப் பாட்டு. இளையராஜா இசை, வாலி வரிகள், எஸ்.பி.பி. குரல். படத்தில் அது யாருடைய பாட்டு என்பதைக் கவனிக்க வேண்டும். இசையமைப்பாளராகிவிட வேண்டும் என்று அலையும், கையில் ஒன்றும் இல்லாத இளைஞன் தன் வெற்றியைக் கனவு காணும் பாட்டு அது. இன்னும் நடக்காத வெற்றியை நடந்துவிட்டதாகவே பாடுகிறான். படத்தில் அந்தக் கனவு பலிப்பதில்லை. 26 வருடம் கழித்து கோலாலம்பூரில் மூன்று பேர் அந்தப் பல்லவியை எடுத்து, சரணங்கள் இருந்த இடத்தில் தங்கள் வரிகளை வைத்தார்கள். வெறும் பழைய பாட்டு ரீமிக்ஸ் என்று அதைக் கேட்டால் பாதிதான் கேட்டதாக அர்த்தம். வாய்ப்பில்லாதவன் வாய்ப்பைக் கற்பனை செய்யும் அந்த இடத்தில், நிஜமாகவே வாய்ப்பில்லாதவர்கள் போய் நின்றுகொண்டார்கள். யோகி பியின் கனத்த அடித்தொண்டைக் குரல் உள்ளே வரும்போது, எஸ்.பி.பி.யின் கனவு கொஞ்சம் மிரட்டலாக மாறிவிடுகிறது. எனக்கு அந்த மாற்றம் பிடிக்கும். ஒரு சின்ன விஷயம்: கிள்ளானில் வளர்ந்த எங்களில் யாரும் மடையைக் கண்ணால் பார்த்ததில்லை. ஏரி, மதகு, வயல் எல்லாம் தாத்தா விட்டுவிட்டு வந்தவை. எங்களுக்குத் தெரிந்தது லொங்காங்தான், மழை பெய்தால் பொங்கும் சாக்கடை. பார்க்காத மடையை எங்களுக்காகத் திறந்து வைத்தது சினிமா.

அதே சமயத்தில் வேறு இடத்திலும் இதே கிணற்றில் நீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். லண்டனில் ஈழத் தமிழ்ப் பெண் எம்.ஐ.ஏ., 2005இல் தன் தந்தையின் இயக்கப் பெயரை வைத்து ‘அருளர்’ என்றும், 2007இல் தாயின் பெயரில் ‘கலா’ என்றும் ஆல்பங்கள் போட்டார். ‘கலா’வின் முதல் பாட்டுக்குள் ‘தளபதி’ படத்தின் ‘காட்டுக்குயிலு’ ஒலிக்கிறது. அதற்கு முன் 2003இல் அமெரிக்காவின் பிளாக் ஐட் பீஸ் குழு ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ படப் பாட்டை வெட்டி ஒட்டியிருந்தது. எல்லாம் இளையராஜா. அமெரிக்கர்களுக்கு அது கேட்டிராத விநோத ஒலி. எம்.ஐ.ஏ.வுக்கு வீட்டு ஒலி, ஆனால் பாடும் மொழி ஆங்கிலம். எங்கள் ஆட்கள் மட்டும்தான் அந்தப் பாட்டோடு அதே மொழியில் பேசினார்கள். உலகம் எம்.ஐ.ஏ.வைக் கேட்டது. அது அவர் தகுதிக்குக் கிடைத்தது, பொறாமை இல்லை. ஆனால் மூன்று ஆண்டுகளில் மூன்று புலம்பெயர் தமிழ் ஆல்பங்கள் வந்தபோது தமிழில் இருந்த ஒன்றே ஒன்று எது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிறகு சென்னை கூப்பிட்டது. 2007 தீபாவளிக்கு வந்த ‘பொல்லாதவன்’ படத்தில் ஜி.வி.பிரகாஷ் ‘எங்கேயும் எப்போதும்’ பாட்டைப் புதுப்பித்தார். எஸ்.பி.பி.யோடு யோகி பி. மூலப்பாட்டு 1979இன் ‘நினைத்தாலே இனிக்கும்’. எம்.எஸ்.வி., கண்ணதாசன். தமிழ்நாட்டிலிருந்து ஓர் இசைக்குழு சிங்கப்பூருக்குக் கச்சேரி செய்யப் போகும் கதை. அந்தக் காலத்தில் சென்னைக்காரர்கள் கிதாரைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார்கள், நாங்கள் கைதட்டினோம். 28 வருடம் கழித்து அதே பாட்டைச் சூடாக்க எங்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் தேவைப்பட்டது. தியேட்டரில் யோகி பி குரல் வந்தபோது கிள்ளான் பையன்கள் விசிலடித்தது தனுஷுக்காக இல்லை. படம் ஓடிக்கொண்டிருந்த அதே நவம்பரில், 25ஆம் தேதி, ஹிண்ட்ராஃப் பேரணிக்குக் கோலாலம்பூரின் தெருக்களில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் திரண்டார்கள். கண்ணீர்ப் புகையும் ரசாயன நீரும் பாய்ந்தன. ராப்புக்கும் பேரணிக்கும் நேரடி முடிச்சு போட நான் வரவில்லை. இரண்டிலும் ஒரே வயதுப் பையன்கள் இருந்தார்கள், அவ்வளவு எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு ‘ஆடுகளம்’ (2011), ‘விவேகம்’ (2017), ‘காலா’ (2018) என்று யோகி பி குரல் வந்துகொண்டே இருந்தது. ‘கபாலி’யில் (2016) கதையே கோலாலம்பூரில் நடக்கிறது, அங்கே இன்னொரு மலேசிய ராப்பர், ரோஷன் ஜாம்ராக். ஒவ்வொரு தடவையும் இங்கே பத்திரிகையில் செய்தி வரும்: மலேசியக் கலைஞருக்குக் கோலிவுட்டில் வாய்ப்பு. நாங்களும் பெருமைப்பட்டோம், பெருமைப்படக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நடந்தது என்ன? ஆல்பமாகப் போனது நாலு வரியாகத் திரும்பி வந்தது. நாயகன் நடந்து வரும்போது பின்னால் ஒலிக்க, நாயகனின் கோபத்தைப் பேச, ஒரு பத்தி ராப். அதன் முன்னும் பின்னும் வேறொருவரின் பாட்டு. பொயட்டிக் ஆமோ காலத்தில் ஆங்கில ஆல்பத்துக்குள் தமிழ் எப்படி விருந்தாளியாக இருந்ததோ, அப்படியே இப்போது தமிழ்ப் படத்துக்குள் மலேசியத் தமிழன் விருந்தாளி. வீட்டுக்காரனாக இருந்த இடம் நடுவில் வந்த அந்த ஒரு ஆல்பம்தான்.

எமர்சன் கூட்டத்திலிருந்து ‘ஆசியா’ வரை போன கதை இங்கே வேறு வடிவத்தில் நடந்தது. அவர்கள் தங்கள் நீளத்தைத் தாங்களே வெட்டிக்கொண்டார்கள், கோடிகளில் லாபம் பார்த்தார்கள். இங்கே வெட்டியது சினிமா. யோகி பியை நான் குறை சொல்லவில்லை. இத்தனை சிறிய சந்தையில் ஒரு கலைஞன் சோறு தின்ன வேண்டும். தமிழ்நாட்டிலும் இதே கதைதான்: கோவையிலிருந்து ஹிப்ஹாப் தமிழா 2012இல் ‘ஹிப்ஹாப் தமிழன்’ என்று ஆல்பத்தோடு கிளம்பினார்கள், சீக்கிரமே சினிமா இசையமைப்பாளர்களானார்கள். தமிழில் எல்லா ஆறும் கோடம்பாக்கத்தில்தான் கலக்கிறது. கொஞ்சம் வேறு வழியில் போனது 2017இல் தொடங்கிய ‘கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. கானா, ராப், ராக் மூன்றையும் ஒரே மேடையில் ஏற்றி, சாதிக்கு எதிராக ஒரு கருத்தில் நின்ற அந்தப் பெரிய குழுவையும் சூப்பர் குரூப் பட்டியலில் சேர்க்கலாம். அவர்களுக்குப் பின்னாலும் பா.ரஞ்சித் என்ற சினிமா இயக்குநர் நிற்க வேண்டியிருந்தது.

எனக்குச் சென்னையோடு சண்டை இல்லை. கேள்வி எங்கள் ஆட்களிடம். மலேசியத் தமிழ் இலக்கிய வரலாறு எழுதுகிறவர்கள் தோட்டப்புற வாய்மொழிப் பாடல்களைச் சேர்க்கிறார்கள். தாலாட்டு, ஒப்பாரி, பால்வெட்டுக்குப் போகும் பெண் பாடியது எல்லாம் தொகுக்கப்பட்டிருக்கின்றன. மரபுக்கவிதை, புதுக்கவிதை, ஹைக்கூ என்று அத்தியாயங்கள். நகரத்துக்கு வந்த பிறகு அந்தத் தோட்டப் பெண்ணின் பேரன் என்ன பாடினான் என்று கேட்டால் பக்கம் காலியாக இருக்கிறது. அவன் பாடியதில் இங்கிலீஷ் இருக்கிறதாம், மலாய் இருக்கிறதாம். ‘கித்தா’ என்ற சொல்லே மலாயிலிருந்து வந்ததுதான். அது பாட்டியின் வாயில் இருந்தால் வழக்காறு, பேரன் வாயில் இருந்தால் கலப்படமா? 2000க்குப் பிறகு இந்த நாட்டில் அதிகம் பேர் மனப்பாடமாக வைத்திருக்கும் மலேசியத் தமிழ் வரிகள் எவை என்று கேட்டால், எந்தக் கவிஞரின் தொகுப்பும் ‘வல்லவன்’ பக்கத்தில் வர முடியாது. மனப்பாடம் ஒன்றே தரம் ஆகிவிடாது, சரி. படித்துப் பார்த்துவிட்டுத் தரமில்லை என்று சொல்லட்டும். ஓசை எங்கே பிசகுகிறது, எந்த வரி வெறும் சவடால், எங்கே உண்மையான கவிதை என்று யாராவது உட்கார்ந்து எழுதட்டும். சவடால் நிறையவே இருக்கிறது, ராப்பின் குணம் அது. பரணியிலும் அது உண்டு. வாசிக்காமலே விட்டதுதான் எனக்கு உறுத்தல்.

பெயரிலும் ஒரு சிக்கல். அதே 2006 தீபாவளிக்கு சிம்பு எழுதி இயக்கி நடித்து ‘வல்லவன்’ என்றே ஒரு படம் வந்தது. இணையத்தில் தேடினால் சிம்புவும் நயன்தாராவும்தான் வருவார்கள். கீழே வெகுதூரம் இறங்க வேண்டும்.

நான் இப்போது இடைநிலைப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். போன வருடம் படிவம் ஐந்து மாணவன் ஒருவன், ‘விவேகம்’ படத்தின் ‘சர்வைவா’ பாட்டைத் தாளம் தட்டிக்கொண்டிருந்தான். அதில் ராப் பாடுகிறவர் நம்ம ஊர்க்காரர் என்றேன். நம்பவில்லை. “சார், அவரு வேற ஏதாச்சும் பாடிருக்காரா?” என்றான். ஆல்பமே இருக்கிறது என்றேன். “எந்தப் படம் சார்?”

படம் இல்லை என்றதும் கொஞ்ச நேரம் யோசித்தான். மறுநாள் கொண்டுவரச் சொன்னான். இசைத்தட்டு என் பழைய காடியின் டேஷ்போர்டில் இருந்தது. அதைப் போட்டுக் கேட்கும் கருவி பள்ளியில் எங்குமே இல்லை. கடைசியில் பள்ளி வாகன நிறுத்துமிடத்தில், காடிக் கதவுகள் நாலையும் திறந்து வைத்து, ஆறு பையன்களும் இரண்டு பெண் பிள்ளைகளும் நிற்க, முதல் பாட்டிலிருந்து வரிசையாகப் போட்டேன். மூன்றாவது பாட்டில் மணி அடித்துவிட்டது. “மீதிய வெள்ளிக்கிழம கேக்கலாம் சார்” என்று சொல்லிவிட்டு ஓடினார்கள்.